15 நொடிக்கு ஒரு சிமிட்டல்

எங்கள் வீட்டு வாசல் சுவரில் இருக்கும் ஈபி மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கும். இத்தனை வருடம் நான் அதைக் கவனித்ததே இல்லை. போன வருடம் மார்ச் மாதம் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்த என் பையன் கேட்டான்: "அந்த லைட் ஏம்மா ஒரு நேரம் வேகமா அடிக்குது, ஒரு நேரம் மெதுவா அடிக்குது?" எனக்குப் பதில் தெரியவில்லை. தினமும் கடந்து போகிற ஒரு பொருள், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நாம் காசு கட்டுவதற்குக் காரணமான பொருள், அது என்ன சொல்கிறது என்றே தெரியாமல் இருந்தது எனக்கு உறுத்தியது.

அன்று சாயங்காலம் மீட்டரின் முகத்தில் எழுதியிருந்ததை எல்லாம் நின்று படித்தேன். ஒரு ஓரத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று பொருள்படும் எண் இருந்தது. ஒரு யூனிட் செலவாவதற்குள் அந்த விளக்கு 3200 தடவை சிமிட்டும். (சில மீட்டர்களில் இந்த எண் வேறாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒரு யூனிட் என்பது 1000 வாட் இழுக்கும் ஒரு பொருள் ஒரு மணி நேரம் ஓடுவது. இது தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் வகுத்தல்தான். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் நடுவே எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணி, 1125ஐ (1000 வாட்டை ஒரு மணி நேரத்தின் 3600 நொடியால் பெருக்கி, 3200ஆல் வகுத்தால் வருவது) அந்த எண்ணால் வகுத்தால், அந்த நிமிடத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். தனியாகக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, கையில் இருக்கும் போனில் நொடி பார்த்தால் போதும்.

இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஹாலில் இருக்கும் பழைய மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டோம். பையன் எண்ணினான். சரியாக 15 நொடி. 75 வாட். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அன்று இரவு முழுக்க ஒவ்வொரு பொருளாகப் போட்டு எண்ணினோம். இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூட. குளியலறை ஹீட்டர் போட்டால் எண்ணவே முடியவில்லை.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. எல்லோரும் படுத்த பிறகு, விளக்கு, விசிறி, டிவி எல்லாம் அணைந்திருக்கிறது, ஃப்ரிட்ஜின் மோட்டாரும் நின்றிருக்கிறது. அப்போதும் விளக்கு 45 நொடிக்கு ஒரு முறை சிமிட்டியது. 25 வாட். ஒன்றுமே ஓடாத வீடு, இரண்டு மாதத்தில் 36 யூனிட் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தேடிப் பார்த்ததில் அதில் பத்து வாட் செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தால் அது தூங்குவதில்லை, டிவிக்கு மட்டும்தான் தூக்கம். பாக்கி, இன்டர்நெட் பெட்டியும் எப்போதும் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டரும். அந்த இரண்டும் எங்களுக்கு வேண்டும். செட்டாப் பாக்ஸை மட்டும் இப்போது சுவிட்சில் அணைக்கிறோம்.

இதைச் சொன்னால் சிலர் கஞ்சத்தனம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சமையலில் உப்பு எவ்வளவு போடுகிறோம் என்று தெரிந்து வைத்திருப்பதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்வதில்லை. நம் வீட்டுக்குள் நடப்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஹாலிலும் எங்கள் படுக்கையறையிலும் விசிறியை மாற்றினோம். பி.எல்.டி.சி. விசிறி என்று கடையில் விற்பதுதான். பழைய விசிறியில் சுழலும் பாகத்துக்குக் காந்தம் கிடையாது, கரண்டைக் கொண்டே அதைக் காந்தமாக்க வேண்டும், அதிலேயே கொஞ்சம் சூடாக வீணாகும். புதியதில் நிலைக்காந்தமே வைத்திருக்கிறார்கள். அதே காற்றுக்கு 30 வாட் சொச்சம். ஒரு நாளைக்குப் 15 மணி நேரம் ஓடும் விசிறி என்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். 2023 ஜனவரி முதல் சீலிங் விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம். வாங்கும்போது அதைப் பாருங்கள். அம்மாவின் அறையில் மட்டும் மாற்றவில்லை. "எனக்கு ரிமோட்டெல்லாம் வேண்டாம்டி, ராத்திரி எழுந்து சுவத்துல திருகுனா போதும்" என்றார். எழுபது வயதில் இருட்டில் ரிமோட் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. அந்த 40 யூனிட் அம்மாவின் வசதிக்கு.

ஏசி பேச்சு ஏப்ரலில் வந்தது. நாங்கள் சென்னையில் பன்னிரண்டு வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, வேலையை வீட்டிலிருந்தே செய்ய முடியும் என்று ஆனதும் திருச்சிக்கு அப்பா அம்மாவோடு வந்து சேர்ந்தவர்கள். அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. ஆனால் திருச்சி வெயில் இரவிலும் இறங்காது. அதற்கு முந்தைய மே மாதம் அப்பா பல நாள் தூங்கவே இல்லை. "ஏம்மா, எல்லாத்தையும் எண்ணிக்கிட்டு இருக்க. ஒரு ஏசி வாங்கிப் போட்டா என்ன?" என்றார். வயதானவர் தூக்கமில்லாமல் புரளும்போது யூனிட் கணக்குப் பேசுவது சரியில்லை. வாங்குவது என்று அன்றே முடிவு. எத்தனை டன் என்பதுதான் கேள்வி.

இந்த 'டன்' என்ன என்று தேடியபோதுதான் எனக்கு இன்னொரு ஜன்னல் திறந்தது. ஏசியின் எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த அளவு. குளிர்ச்சி என்றால் பனிக்கட்டி என்றிருந்த காலத்தின் கணக்கு அது. சென்னை மெரினா எதிரில் இருக்கும் ஐஸ் ஹவுஸும் அந்தக் காலத்துக் கட்டடம்தான். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து, 1842-ல் கட்டிய அந்தக் கட்டடத்தில் சேமித்து விற்றார்கள். பின்னாளில் 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான், இன்று அது விவேகானந்தர் இல்லம். எத்தனை முறை பஸ்ஸில் அந்த வழியே போயிருக்கிறேன். அப்பா அம்மா அறைச் சுவரில் மாட்டப்போகும் பெட்டியின் அளவும் அந்தக் கட்டடமும் ஒரே கதை என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையில் அந்த அறைக்கு ஒன்றரை டன் வேண்டும் என்றார்கள். "மேல் மாடியா கீழ் மாடியா?" என்று மட்டும் கேட்டார்கள். மேலே மொட்டைமாடி என்றதும் அரை டன் ஏறியது. அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் அந்த அரை டன்னும் அப்பாவுக்கு இல்லை, கூரைக்கு. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவு பத்து மணிக்கு அதை அறைக்குள் இறக்குகிறது. படுத்துக்கொண்டு மேலே கையை நீட்டினாலே தெரியும். அதைத் தடுக்காமல் எவ்வளவு பெரிய ஏசி வாங்கினாலும் கூரையோடுதான் சண்டை போடும்.

எங்கள் மாடியில் பழைய முறைப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்திருக்கிறது. இருபத்தைந்து வருடத்தில் ஓடு கறுத்துவிட்டது. கறுப்பு வெப்பத்தை வாங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும் என்பது பள்ளிப் பாடம். அதற்கு வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். தெலங்கானாவில் 2023-ல் அரசே குளிர்கூரைக்கு ஒரு கொள்கை கொண்டுவந்தது. நாங்கள் சுண்ணாம்பு அடித்தோம். பாசியைத் தேய்த்துக் கழுவி, கல் சுண்ணாம்பை ஊறவைத்து, பசை கலந்து, இரண்டு பூச்சு. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அறையில் ஒரு சாதாரண வெப்பமானி மாட்டி வைத்திருந்தேன். இரவு 10 மணிக்கு 35 காட்டிக்கொண்டிருந்தது 32 சொச்சத்துக்கு இறங்கியது. மழையில் கரையும், வருடா வருடம் பங்குனியில் திரும்ப அடிக்க வேண்டும், அடிக்கிறோம்.

அதற்குப் பிறகு ஒரு டன் ஏசி வாங்கினோம், அப்பா அம்மா அறைக்கு மட்டும். அதையும் எண்ணினேன். போட்டவுடன் நொடிக்கு ஒன்று, அறை குளிர்ந்ததும் மூன்று நொடிக்கு ஒன்று. அந்த இரண்டு மாதப் பில் 488 யூனிட். முந்தைய வருடம் அதே மாதங்களில், ஏசியே இல்லாமல், 430. இந்த எண் எனக்கு ஏன் முக்கியம் என்றால், தமிழ்நாட்டில் இரண்டு மாதத்தில் 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை, 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். கூரையையும் விசிறியையும் முதலில் பார்க்காமல் ஒன்றரை டன்னோடு ஆரம்பித்திருந்தால் எளிதாகத் தாண்டியிருப்போம். அப்பா இப்போது தூங்குகிறார்.

இந்த வருடம் சோலார் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நல்ல வெயிலில் நாளைக்கு நாலு யூனிட் தரும், எங்களுக்கு 2 கிலோவாட்டே தாராளம். பலரும் நினைப்பதற்கு மாறாக, பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் வேலை செய்யாது. பகலில் வெயில் கொளுத்தினாலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு நம் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அந்தக் குறை குறையாகவே படவில்லை.

சோலாருக்கு அளவெடுக்க வந்த இளைஞர் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேற்கே இருக்கும் வேப்பமரத்தைக் காட்டி, "இந்த ரெண்டு கிளையை எடுத்துட்டா நல்லா வரும் மேடம்" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் மொத்தமும் குறையும். ஆனால் மூன்று மணிக்கு மேல் அப்பா அம்மா அறையின் சுவரில் வெயில் படாமல் காப்பது அந்தக் கிளைகள்தான். வீடு கட்டிய வருடம் அம்மா வைத்த மரம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

நான் அந்த இளைஞரிடம் கொஞ்ச நாள் கேட்டிருக்கிறேன். மாடியில் சுண்ணாம்பு வெள்ளையின் மேல், ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரத்தின் நிழல் விளிம்பை நானும் பையனும் மணிக்கொரு தடவை கரியால் கோடு போட்டு வருகிறோம். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நண்பகல், தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு நிழலே இல்லாமல் போனதை அவன்தான் முதலில் பார்த்தான். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும். இப்போது நிழல் வடக்கே நீள ஆரம்பித்திருக்கிறது. கிழக்கு ஓரத்தில் நாலு பேனலுக்கு இடம் இருக்கும்போல் தெரிகிறது. மார்கழிக் கோட்டையும் போட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.