கடற்பாசிப் பவுடர் வாங்கும் முன் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

நாய் வாய் நாறுகிறது, கடற்பாசிப் பவுடர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். சாப்பாட்டில் தூவினால் போதும் என்கிறார்கள், யாருக்குத்தான் ஆசை வராது? பவுடரே ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதை வாங்குவது தப்பு.

இன்றைக்கே மேல் உதட்டைத் தூக்கி, பின்பக்கத்துப் பெரிய பல்லைப் பாருங்கள். உமிழ்நீர்க் குழாய் திறப்பது அதன் பக்கத்தில்தான், அதனால் காரை, அதாவது பல்லில் கல்போல் இறுகும் அழுக்கு, முதலில் பிடிப்பதும் அங்கேதான். பல்லின் மேல் பழுப்பாக ஓடு மாதிரி ஒட்டியிருக்கிறதா? ஈறு ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிகிறதா? அப்படியென்றால் பவுடருக்கான நேரம் தாண்டிவிட்டது.

இந்தப் பாசிக்கு ஆய்வு ஆதாரம் உண்டு. வட அட்லாண்டிக் பாறைகளில் வளரும் அஸ்கோஃபில்லம் நோடோசம் என்ற பழுப்புப் பாசி அது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் பொமரேனியன், சிவாவா போன்ற 60 சிறிய நாய்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பாசி கலந்த பிஸ்கட், இன்னொன்றுக்குப் பாசி இல்லாத பிஸ்கட் என்று 90 நாள் கொடுத்தார்கள். பாசி தின்ற நாய்களுக்குப் பல்லில் படலமும் காரையும் குறைவாகப் படிந்தன, வாய் நாற்றமும் குறைந்தது. ஆனால் பிஸ்கட் கொடுக்கும் முன்பே எல்லா நாய்களுக்கும் மருத்துவர்கள் பல்லைச் சுத்தம் செய்திருந்தார்கள். விளம்பரம் பார்த்து வாங்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் உப்பு படிவதுபோல, பல்லில் ஒட்டும் மெல்லிய படலம் சில நாளிலேயே காரையாக இறுகிவிடும். நோய் வளர்வது ஈறுக்குக் கீழே. அங்கே பவுடர் போகாது. மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்துதான் ஆகவேண்டும். செலவாகும், வயதான நாய்க்கு மயக்க மருந்து என்றால் பயமாகவும் இருக்கும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் வலி அதற்குத்தானே?

பூனை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கடற்பாசியில் அயோடின் அதிகம். பத்து வயது தாண்டிய பூனைகளுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் சாதாரணமாக வரும், அதற்கு அயோடின் குறைத்த உணவையே ஒரு சிகிச்சையாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பூனைக்குப் போய்ப் பாசி தூவலாமா? நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அப்புறம், பூனைகளுக்குப் பல் உள்ளேயே கரைந்துபோகும் ஒரு நோயும் உண்டு. வாயில் எடுத்த உணவை நழுவவிடும், ஒரு பக்கமாகவே மெல்லும். அதற்கு எந்தப் பவுடரும் மருந்தாகாது.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் கடற்கரையில் கிடைக்கும் பாசியைக் காயவைத்துப் பொடித்துக் கொடுக்கலாமா என்றால், வேண்டாம். அது வேறு இனம், இந்த ஆய்வு அதற்குப் பொருந்தாது. கடையில் வாங்கினாலும் பாசியின் பெயரும் அயோடின் அளவும் லேபிளில் இல்லாததைத் தொடவேண்டாம்.

பல் சுத்தமாக இருக்கிறது, தைராய்டு பிரச்சினை இல்லை, மருத்துவரும் சரி என்கிறார் என்றால் தாராளமாகக் கொடுங்கள். கூடவே தினமும் பிரஷ்ஷால் பல்லின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துவிடுங்கள். நம் பற்பசை மட்டும் வேண்டாம், சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம். செல்லப்பிராணிகளுக்கென்றே தனிப் பசை கிடைக்கிறது.