உரத்தொட்டி நாறத்தான் செய்யுமா?

"வீட்டில் உரம் தயாரித்தால் நாற்றம் வரத்தான் செய்யும், மூடியை இறுக்கி அடைத்துவிடுங்கள்" என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு. இறுக்கி அடைப்பதுதான் நாற்றத்தையே வளர்க்கிறது!

காற்றோட்டமுள்ள குவியலில் மண்வாசனைதான் எழும். காற்று அடைபட்டால் ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிரிகள் பெருகி, அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் காரணம் வேறு: பச்சைக் கழிவு மிகுந்து நைட்ரஜன் கூடிவிட்டது. கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30:1 என்ற விகிதத்தில் இருப்பது நல்லது. அதற்காகத் தராசு தேடவேண்டாம். நைட்ரஜன் மிகுந்த காய்கறிக் கழிவு ஒரு பங்குக்கு, கார்பன் மிகுந்த காய்ந்த சருகு 2 அல்லது 3 பங்கு போதும். குவியலின் ஈரம், நனைத்துப் பிழிந்த பஞ்சின் அளவுக்கு இருக்கட்டும். தொட்டியில் துளைகள் வேண்டும், அவ்வப்போது கிளறவும் வேண்டும். இறைச்சி, பால் பொருட்களைச் சேர்க்காதீர்கள். நாற்றத்துக்கு அஞ்சிக் கைவிட்டவர்கள் தயவுசெய்து மறுபடியும் தொடங்குங்கள்.