கிக்கரைத் திருப்பிக் கொடுங்கள்

காடு, மேடு, ஓடை என்று கரடுமுரடான பாதையில் ஓட்டுகிற புது எண்டூரோ பைக்குகள் பலவற்றில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். எடை குறைகிறதாம்! பட்டன் ஸ்டார்ட் நல்லதுதான், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் ஓடைக்கு நடுவே வண்டி அணைந்து, பட்டனை அழுத்தி அழுத்தி அந்தக் குட்டி லித்தியம் பேட்டரி செத்துப்போனால் என்ன செய்வது? குளிரில் அது இன்னும் சோர்ந்துவிடும். 100 கிலோவுக்கு மேல் கனக்கிற வண்டியை முழங்கால் சேற்றில் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியுமா? கிக்கர் இருந்தால் டூ ஸ்ட்ரோக் வண்டியை உதைத்தே எழுப்பிவிடலாம். சீட் வேறு சுமார் 950 மில்லிமீட்டர் உயரம். சரிவில் நின்றால் கால் எட்டாமல் சாய வேண்டியதுதான். சாய்ந்தால் எளிதில் நசுங்குவது இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர். அதைக் காக்கிற கவசத்துக்குப் பல வண்டிகளில் தனிக் காசு! விழுந்து எழவென்றே செய்த வண்டிக்கு அதைக்கூடச் சேர்த்துத் தர மாட்டீர்களா?