சார்த்தரின் மாணவனுக்கு அது இஷ்டமாக இருக்கவில்லை

"நிலையான விதிகள் இல்லையென்றால் அவரவர் இஷ்டம்தான் அறம், இருத்தலியல் சொல்வது இதுதான்" என்று, மனிதன் தன் தேர்வுகளால்தான் தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்னும் தத்துவமான இருத்தலியலின் அறத்தைப் பற்றிய தன் கட்டுரையைக் கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில், இருத்தலியலின் முக்கியச் சிந்தனையாளரான பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் தன் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். பிரான்ஸ் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த காலம். அண்ணன் 1940 போரில் இறந்துவிட்டான். அப்பா எதிரிகளோடு ஒத்துப்போகிற மனநிலையில் இருக்கிறார், அம்மாவோடு சண்டை. அம்மாவுக்கு மிச்சம் இவன் ஒருவன்தான். இங்கிலாந்து போய், ஜெர்மனியை எதிர்த்துப் போராடிய சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா? பிறரை நேசி என்கிறது மதம். சரி, எந்தப் பிறரை? யாரையும் வெறும் கருவியாக நடத்தாதே என்கிறார் ஜெர்மன் தத்துவவாதி காண்ட். அம்மாவோடு தங்கினால் தனக்காகப் போராடுகிறவர்களைக் கருவியாக்கியது போலாகும். மனசு சொல்வதைக் கேட்கலாம் என்றால், அம்மா மேல் உள்ள பாசம் எவ்வளவு என்பதே அவளோடு தங்கிய பிறகுதான் தெரியும். "நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு" என்பதுதான் சார்த்தரிடம் அவனுக்குக் கிடைத்த பதில். இதில் இஷ்டம் எங்கே இருக்கிறது? எதைத் தேர்ந்தாலும், பெரியவர்கள் சொன்னார்கள், தலையெழுத்து என்று அவன் யார் மேலும் பழி போட முடியாது.

அப்புறம், சார்த்தரோடு நின்றுவிடவும் கூடாது. இன்னொரு பிரெஞ்சு இருத்தலியல் சிந்தனையாளரான சிமோன் த பொவ்வார் 1947-ல் வெளியிட்ட அறவியல் நூலில், என் சுதந்திரத்தை நான் விரும்பினால் மற்றவர்களின் சுதந்திரத்தையும் விரும்பியாக வேண்டும் என்று வாதிடுகிறார். அடக்குபவனின் விருப்பத்தையும் அடக்கப்படுபவனின் விருப்பத்தையும் ஒரே தட்டில் வைக்க அவர் சம்மதிப்பதில்லை. சார்த்தர் உரையில் வேகமாகக் கடந்துபோன இடத்தைப் பொவ்வார்தான் பொறுமையாக எழுதினார் என்பது என் கருத்து. அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இருத்தலிய அறத்தை எடைபோட்டிருப்பதுதான் கட்டுரையின் பெரிய குறை.