பெயர் சொல்லி ஜெபித்தால் அது அரசியலா?

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நடந்ததை நேரில் இருந்தவர்களும் பிறகு கேள்விப்பட்டவர்களும் அறிவீர்கள். முழுவதையும் திரும்ப எழுதப் போவதில்லை. மலக்குழியில் இறங்கி இறந்துபோன தன் அக்காள் மகனின் பெயரைச் சொல்லி, அவனை இறக்கிய ஒப்பந்ததாரர் மனந்திரும்பவும், இழப்பீடு அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்து சேரவும், மாவட்ட ஆட்சியருக்கு நீதியான இருதயம் கிடைக்கவும் நம் சபையின் தூய்மைப் பணியாளரான அந்த அக்கா ஜெபித்துக்கொண்டிருந்தார். பாதியில் மைக் வாங்கப்பட்டது. "அரசியல் வேண்டாம், தேசத்திற்காக மட்டும் ஜெபிப்போம்" என்றார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவர் பாயில் உட்கார்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அன்றிரவு தேசத்திற்காக ஏறெடுக்கப்பட்டவற்றில் ஜெபம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான் என்பது என் கருத்து. மற்றவர்கள் எழுப்புதல் கேட்டோம், ஆசீர்வாதம் கேட்டோம், இருளின் வல்லமைகளைக் கட்டினோம். ஓர் ஊரின் பெயரோ ஒரு மனிதரின் பெயரோ அதில் இல்லை. இன்னது வேண்டும் என்று கேட்காதவனுக்கு, அது கிடைத்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

வேதாகமத்தில் பெர்சிய ராஜாவிடம் வேலை பார்த்த யூதரான நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடக்கிறது என்று கேட்டதும் அழுதார், உபவாசித்தார். அதோடு நிற்கவில்லை. ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்று வினவியபோது, மனதுக்குள் ஜெபித்துவிட்டு, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதமும், கோட்டை வாசல்களுக்கு மரம் கொடுக்கும்படி ராஜாவின் வனத்துக் காவலாளனான ஆசாப்புக்குக் கடிதமும் கேட்டார். அதிகாரி யார், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அக்காவுக்கும் தெரிந்திருந்தது. பாதுகாப்பில்லாமல் மனிதரைக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; மரணத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இவற்றை அறிந்து ஜெபித்தவரையா நாம் நிறுத்தினோம்?

எங்கள் ஆச்சி தினமும் காலையில் செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படிப்பார். மாலைக் குடும்ப ஜெபத்தில், குடிதண்ணீர்க் குழாய் போடாத பஞ்சாயத்துத் தலைவர் முதல் தில்லியில் இருக்கும் பிரதமர் வரை பெயர் பெயராக வருவார்கள். கத்தரித்து வைத்த செய்தித் துண்டுகளால் அவருடைய வேதாகமத்தின் முதுகுத் தையல் விட்டுப்போயிருந்தது. யாரும் அவரை அரசியல்வாதி என்று சொன்னதில்லை.

ராஜாக்களுக்காக விண்ணப்பம் செய்யத்தானே பவுல் சொன்னார், குறை சொல்லவா சொன்னார் என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அதிகாரமுள்ள யாவருக்காகவும் என்றுதான் பவுல் தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஆட்சியரும் அதில் அடக்கம். அந்த அக்கா யாரையும் சபிக்கவில்லை, ஒப்பந்ததாரருக்காகவும் ஜெபித்தார். பரிசுத்தமான இடத்தில் மலக்குழியைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தானியேல் தன் ஜனத்துக்காக ஜெபித்தபோது "அவர்கள் பாவம் செய்தார்கள்" என்று சொல்லவில்லை, "நாங்கள்" என்றார். நெகேமியாவும் தன் தகப்பன் வீட்டாரைச் சேர்த்தே அறிக்கையிட்டார். நாமோ தேசத்தின் பாவம் என்றதும் ஊழலையும் விக்கிரகத்தையும் பேசுகிறோம். கல்லறைத் தோட்டத்தில்கூட சாதி பார்த்து இடம் ஒதுக்கும் சபைகள் தமிழ்நாட்டில் இருப்பது நமக்குத் தெரியாதா? அந்த அக்காவின் வீட்டில் நம்மில் எத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறோம்? இதே ஜெபத்தை ஒரு மருத்துவரின் மனைவி ஏறெடுத்திருந்தால் மைக்கை வாங்கியிருப்பார்களா? இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

சபையின் ஐக்கியத்தைக் கெடுக்கிறேன் என்பார்கள். தேர்தல் வந்தால் வேட்பாளரைப் பீடத்தருகே நிறுத்தித் தலையில் கைவைத்து ஜெபிக்கும்போது கெடாத ஐக்கியம், ஒரு தாயின் கண்ணீரைச் சொன்னதால் கெட்டுவிடுமா? இந்தப் பதிவை நீக்கும்படி ஏற்கெனவே இரண்டு மூப்பர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்கள். நீக்க மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை தேசத்துக்கான ஜெபக்குறிப்புகளை எழுதித் தரும்படி அந்த அக்காவிடமே கேட்டிருக்கிறேன். ஆட்சியர் பெயரும் ஒப்பந்ததாரர் பெயரும் அதில் இருக்கும். குறிப்பை முன்னதாகப் பார்க்க வேண்டும் என்று கமிட்டி கேட்டால், நானே கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறேன்.