விமானம் சொல்வதை யார் சரிபார்ப்பது?

வானில் செல்லும் விமானங்களைக் கைப்பேசியில் காட்டும் செயலிகளைப் பார்த்துவிட்டு, இந்தத் தகவலை ஏன் ரகசியமாக வைப்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், எல்லோரும் பார்ப்பதைவிட, யார் வேண்டுமானாலும் பொய்யாக அனுப்பலாம் என்பதே கவலைக்குரியது.

இச்செயலிகளுக்குத் தகவல் தரும் ஏடிஎஸ்-பி முறையில் விமானம் தன் இருப்பிடத்தை ஜிபிஎஸ் மூலம் தானே கணித்து, 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்குச் சுமார் இருமுறை அறிவிக்கிறது. ஒவ்வொரு செய்தியும் 112 பிட். அதில் 24 பிட் விமானத்தின் அடையாள எண். கடைசி 24 பிட் வழியில் நேர்ந்த பிழையைக் கண்டறிய. அனுப்பியது அந்த விமானம்தானா என்று சோதிக்க ஒரு பிட்கூட இல்லை. இல்லாத விமானங்களைக் கட்டுப்பாட்டாளரின் திரையில் உலவவிட முடியும் என்பதை 2012இல் பிளாக் ஹாட் என்னும் கணினிப் பாதுகாப்பு மாநாட்டிலேயே ஆய்வாளர் ஆந்திரே கோஸ்டின் எடுத்துரைத்தார்; ஆனாலும் 2020 ஜனவரி முதல் அமெரிக்கா தன் வான்வெளியின் பெரும்பகுதியில் ஏடிஎஸ்-பி கருவியைக் கட்டாயமாக்கியது. விமானியும் கட்டுப்பாட்டாளரும் பேசும் விஎச்எஃப் வானொலிக்கும் பூட்டில்லை என்றாலும், சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வழக்கமும் பழகிய காதும் அங்கே ஓரளவு காவலாக நிற்கின்றன.

குறியாக்கம் செய்துவிடலாமே என்பது எளிய பதில்தான். ஆனால் நாடுகள் அனைத்தும் சாவிகளைப் பகிர்ந்து, பழைய விமானங்களின் கருவிகளையும் மாற்றி முடிப்பது எந்தக் காலத்தில் நடக்கும்?

உடனடி ஆபத்து ஜிபிஎஸ்ஸில் இருக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில், ஜிபிஎஸ் இடையூறு காரணமாக எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் இறங்க முடியாமல் ஃபின்ஏர் விமானங்கள் இரண்டு ஹெல்சிங்கிக்கே திரும்பின. அதன்பின் ஒரு மாதம் அந்நகருக்கான விமானச் சேவையே நின்றது. ஜிபிஎஸ்ஸை நம்பாமல், டிஎம்இ என்னும் தரைக்கருவியைக் கொண்டு இறங்கும் வழி வகுக்கப்பட்ட பிறகுதான் ஜூனில் மீண்டும் தொடங்கியது. டெல்லியிலும், 10ஆம் ஓடுபாதையை ஜிபிஎஸ் வழியில் நெருங்கிய சில விமானங்களுக்குப் போலி சமிக்ஞை கிடைத்ததை 2025 டிசம்பரில் அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. தரைக்கருவிகள் இருந்த மற்ற ஓடுபாதைகளுக்குப் பாதிப்பில்லை.

ஆகவே, பழையவை, பராமரிப்புச் செலவு அதிகம் என்று தரைக்கருவிகளையும் ரேடார்களையும் ஒவ்வொன்றாக அணைக்கும் போக்கை நான் ஏற்கவில்லை. ஒரே சமிக்ஞையைப் பல நிலையங்கள் பெறும் நேர வேறுபாட்டைக் கொண்டு இடத்தைக் கணிக்கும் முறையும் கையில் இருக்கிறது. விமானம் சொல்வதை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் திரையில் ஏற்றக் கூடாது. ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பிப் பெரிய விமான நிலையத்தின் எந்த ஓடுபாதையும் இயங்கக் கூடாது.