அரசியல் பேசாதே என்று என்னிடம் மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். சிலருக்கு ஸ்கிரீன்ஷாட்டே போய்விட்டதாம். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. "எலெக்‌ஷன் முடியற வரைக்கும் குரூப்ல அரசியல் வேணாம்மா, எல்லாரும் இருக்குற இடம்" என்று, காவிரித் தண்ணீரைப் பற்றி நான் கேட்ட ஒரு கேள்விக்குச் சித்தப்பா போட்டாரே, அந்த வரியைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

இந்த 2024 மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலை அறிவித்த நாளிலிருந்து அந்தக் குரூப்பில் வராத அரசியல் இல்லை. சிலிண்டருக்கு 100 ரூபாய் குறைத்த படம் வந்தது. கட்சிகளுக்கு நன்கொடை கொடுத்த தேர்தல் பத்திரத்தைப் பற்றி உண்மையும் புளுகும் கலந்து ஒரு ஆடியோ வந்தது. ஒரு தலைவரை அசிங்கமாகக் கேலி செய்த வீடியோவுக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்களே கைதட்டினார்கள். எல்லாரும் இருக்கும் இடம் என்பது அப்போது யாருக்கும் நினைவு வரவில்லை. நான் கேட்டது ஒன்றுதான். போன அக்டோபர் 10-ஆம் தேதி மேட்டூர் அணையை மூடினார்களே, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அதைக் கேட்போமா என்றேன். அது அரசியலாகிவிட்டது.

ஜனவரி 28 வரை திறந்திருக்க வேண்டிய அணை அது. புதாற்று (கல்லணைக் கால்வாய்) பாசனத்தில் வளர்ந்த குடும்பம் நாங்கள். என் பெரியப்பா மகன் சம்பாவைக் காப்பாற்ற, போர்வெல் வைத்திருப்பவரிடம் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கினான். அந்தக் காசுக்காக அவன் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது குரூப்பில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கஷ்டத்தைப் பேசலாம், "மழை இல்ல, என்ன பண்றது" என்று பெருமூச்சு விடலாம். கர்நாடகத்திடம் தண்ணீரை வாங்கித்தர யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாதா?

"ஓட்டு ரகசியம்மா, அதையெல்லாம் வெளியில சொல்லக் கூடாது" என்று ஒரு மாமா எழுதினார். மாமா, நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று சொல்லவே இல்லை. சொன்னாலும் தப்பில்லை. பண்ணையாரோ முதலாளியோ கட்சிக்காரரோ என்னை மிரட்டக் கூடாது என்பதற்காக வந்தது ரகசிய வாக்கு. பூத்துக்குள் நான் எந்தப் பட்டனை அமுக்கினேன் என்று எவரும் எட்டிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். அதை என் வாயைக் கட்டுகிற கயிறாக ஆக்காதீர்கள்.

உறவு கெட்டுப்போகும் என்கிறார்கள். கெடும்தான், இல்லையென்று சொல்லவில்லை. 1967-இல் எங்கள் தாத்தா காங்கிரஸ், அவர் தம்பி தி.மு.க. அண்ணா முதலமைச்சர் ஆன பிறகு கொஞ்ச காலம் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை என்று ஆத்தா சொல்லும். ஆனால் அறுப்புக்கு ஒருவர் வயலில் இன்னொருவர் நின்றார். இன்றைக்கு நாம் கட்டிக் காப்பாற்றுகிற உறவு எது? குட் மார்னிங் ரோஜாப்பூவும், பிறந்தநாளுக்குக் கேக் படமும்தானே?

பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறவர்களுக்கு வடசேரியை ஞாபகப்படுத்துகிறேன். போன வருஷம் ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று மூன்று இடங்கள் மத்திய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் இருப்பது வெளியே வந்தது. டீக்கடையில் பேசினார்கள், வயலில் பேசினார்கள், சட்டசபையிலும் பேசினார்கள். சில நாட்களில் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அந்தச் செய்தியை நம் குரூப்பில் முதலில் போட்டது சித்தப்பா நீங்கள்தான். கீழே நான் நன்றி எழுதினேன். அன்றைக்கு அது அரசியல் இல்லையா?

பேச வேண்டாம் என்று நாம் மூடுகிற இடத்தில் பணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2016-இல் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்த இரண்டு தொகுதிகளில் ஒன்று நம் தஞ்சாவூர், இன்னொன்று அரவக்குறிச்சி. மறுபடி நவம்பரில்தான் ஓட்டுப் போட்டோம். ஊர் மானம் போனதைப் பற்றி நம் வீட்டில் ஒருவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லத்தான் தொண்டை அடைக்கிறது. இதே கேள்வியை என் தம்பி கேட்டிருந்தால் "விவரமான பையன்" என்று சொல்லியிருப்பீர்கள். என்னிடம், "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்கிறீர்கள். இந்த நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொன்னதால் சுமார் 28 லட்சம் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முடியாமல் போனது. பெரும்பாலும் வடக்கே நடந்தது அது. ஆனால் இங்கே பட்டியலில் பெயர் இருந்த என் அம்மாவுக்கும், ஓட்டுக்கு முந்தின ராத்திரி அப்பாதான் சின்னத்தைச் சொல்வார். அப்பா போன பிறகு தம்பி சொல்கிறான். அம்மாவுக்கு விலைவாசி தெரியும், ரேஷன் கடை தெரியும், எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்றும் தெரியும். உனக்கு என்ன தோணுதும்மா என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

நான் ஏதோ ஒரு கட்சிக்கு ஆள் பிடிக்கிறேன் என்று எழுதியவருக்கு: மேட்டூர் கேள்வி எல்லாக் கட்சிக்கும்தான். உங்கள் கட்சியைப் பார்த்துக் கேட்ட மாதிரி உங்களுக்கு ஏன் பட்டது?

குரூப்பில் ஒருவர்கூட எனக்காக ஒரு வரி எழுதவில்லை. ராத்திரி தனியாக நாலைந்து பேர், "நீங்க கேட்டது சரிதான் அத்தை", "கரெக்டுக்கா" என்று அனுப்பினீர்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. வலித்தது. சரியென்று தெரிந்தும் சித்தப்பா முன்னால் சொல்ல முடியவில்லை என்றால், வண்டியில் கைகூப்பி வரும் வேட்பாளரிடம் எப்படிக் கேட்பீர்கள்?

நான் குரூப்பை விட்டுப் போகப்போவதில்லை. வேண்டுமானால் அட்மின் நீக்கட்டும். பிரசாரம் ஏப்ரல் 17-ஆம் தேதி சாயந்திரத்தோடு முடிகிறது. அதற்குள் எங்கள் தெருவுக்கு எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் வண்டியை நிறுத்தி, நாடாளுமன்றத்துக்குப் போனால் காவிரிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கப்போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். சித்தப்பா, உங்கள் வீடு நாலு வாசல் தள்ளித்தானே, நீங்களும் வாருங்கள்.